காலையில் வருகிறது, பத்தரைக்கு நின்றுவிடுகிறது: ஆபீஸ் மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லை

கொங்குநூல் | திங்கள், காலை 11:05

வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி ஆபீஸ். மாடியில் ஆபீஸ், கீழே செக்கிங், பேக்கிங். கம்ப்யூட்டர் மொத்தம் ஆறு. நான் கணக்கு எழுத வந்தவன். ஒருநாள் கழன்று கிடந்த கேபிளை மாட்டிவிட்டேன், அன்றிலிருந்து சிஸ்டம் வேலையும் என் தலையில்.

போன புதன்கிழமை முதல் மெயில் தகராறு. மெயில் பார்க்க நான்கு கம்ப்யூட்டரில் அவுட்லுக் 2016, இரண்டில் தண்டர்பேர்ட். நின்றால் ஆறும் ஒன்றாக நிற்கின்றன. அனுப்பியது அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறது, புதிதாக எதுவும் வருவதில்லை. சர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது அவுட்லுக் (எர்ரர் எண் சிசிசி0இ என்று முடிகிறது). நேரம் கடந்துவிட்டது என்கிறது தண்டர்பேர்ட்.

இதில் ஒரு விசித்திரம். காலை 9:15-க்கு ஆபீஸ் திறந்ததும் எல்லாம் ஒழுங்காக வரும். ராத்திரி பையர் அனுப்பியதெல்லாம் மடமடவென்று இறங்கும். பத்தரை வாக்கில் நின்றுவிடும். சாயங்காலம் நாலரை வாக்கில் தானாகவே உயிர் வரும். ஒரு மணி நேரம்தான், மறுபடி போய்விடும். பிரவுசரில் வெப்மெயில் மட்டும் எந்நேரமும் திறக்கிறது.

சொந்த டொமைன், ஷேர்டு ஹோஸ்டிங் (பலரோடு பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்). ஹோஸ்டிங்காரர்களுக்கு டிக்கெட் போட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று இரண்டே வரியில் பதில்.

இதுவரை செய்தவை: ரீஸ்டார்ட், வைரஸ் ஸ்கேன், ஆன்ட்டிவைரஸை அணைத்துப் பார்த்தது. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தது. ஒரு கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்து அக்கவுண்டையே அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போது அதில் பழைய மெயில் ஒன்றுகூட இல்லை. அது எங்கள் மெர்ச்சண்டைசருடைய (ஆர்டர்களைக் கவனிப்பவர்) சிஸ்டம். அவர் என்னோடு பேசுவதில்லை.

---

வலைவாசி | திங்கள், காலை 11:20

அவுட்லுக்கில் "சென்ட் / ரிசீவ்" பக்கத்தில் "வொர்க் ஆஃப்லைன்" என்று ஒரு பட்டன் இருக்கும். கை தவறி அழுத்தியிருந்தால் போக்குவரத்து இரண்டும் நிற்கும். கீழே வலது மூலையில் பாருங்கள்.

அடுத்தது அவுட்பாக்ஸ். பெரிய ஃபைல் ஒன்று மாட்டிக்கொண்டால் பின்னால் இருப்பதும் நகராது. மெயிலில் இணைக்கும் ஃபைல் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகும், அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். 20 எம்பி படம் வழியில் 27 எம்பி. 25 எம்பி வரை அனுமதி என்று நம்பி 22 எம்பி அனுப்பினால் திரும்பி வருவது இதனால்தான்.

---

ஆடிட்டர்மகள் | திங்கள், காலை 11:31

இடம் இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணா. போன ஜூலையில் ரிட்டர்ன் போடுகிற நெருக்கடியில் எங்கள் ஆபீஸ் ஜிமெயில் அப்படியே நின்றது. கூகுள் கொடுக்கும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா தன் தம்பி வீட்டுக் கல்யாண வீடியோவை டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். கிளையண்ட் அனுப்பிய ஃபாரம் 16 எல்லாம் திரும்பிப் போய்விட்டன.

அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலுக்கும் ஒரு எல்லை உண்டு. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி, 2010-க்குப் பிறகு 50 ஜிபி. அதைத் தொட்டாலும் புது மெயில் இறங்காது.

---

கொங்குநூல் | திங்கள், காலை 11:48

இரண்டு பேருக்கும் நன்றிங்க. ஆஃப்லைன் பட்டன் அழுத்தப்படவில்லை. அவுட்பாக்ஸில் இருப்பதில் பெரியதே 2 எம்பி பேக்கிங் லிஸ்ட்தான். சர்வரில் 5 ஜிபிக்கு 3.1 ஓடியிருக்கிறது. பிஎஸ்டி எதுவும் 10 ஜிபியைத் தாண்டவில்லை.

---

பழைய7 | திங்கள், மதியம் 12:02

எனக்கும் இதே பிரச்சினை! விண்டோஸ் 7, அவுட்லுக் 2010, ஜிமெயில். நெடுநாள் ஓடியது, இப்போது பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரியாகத்தான் அடிக்கிறேன். தீர்வு கிடைத்தால் எனக்கும் சொல்லவும்.

---

பழையகம்பி | திங்கள், மதியம் 12:15

பழைய7 தம்பி, உங்களுடையது வேறு நோய். அவருக்குக் கதவே திறக்கவில்லை. உங்களுக்குக் கதவு திறந்து, "யார் நீ" என்று கேட்டு அனுப்பிவிடுகிறது. உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

கொங்குநூல், முதலில் உங்கள் மெர்ச்சண்டைசரைச் சமாதானப்படுத்துவோம். பாப் முறையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கி வைப்பது) போட்ட அக்கவுண்டை அவுட்லுக்கில் நீக்கினால் அக்கவுண்ட்தான் போகும். மெயில் கிடக்கும் பிஎஸ்டி ஃபைல் அழியாது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் "அவுட்லுக் ஃபைல்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதில் பாருங்கள். ஃபைல் மெனுவில் ஓப்பன் போய் அதைத் திறந்தால் பழையதெல்லாம் இடது பக்கம் வந்து நிற்கும். இனிமேல் யார் வீடியோ போட்டாலும் அக்கவுண்டை அழிக்காதீர்கள். மெயில் நின்றால் அழித்துப் போடு என்பது, மோட்டார் ஓடவில்லை என்றதும் கிணற்றை மூடுகிற வேலை.

இப்போது விஷயம். ஆறு கம்ப்யூட்டர், இரண்டு வகை புரோகிராம், ஒரே நிமிடத்தில் நிற்கின்றன. அப்படியானால் கோளாறு புரோகிராமில் இல்லை. ஆறுக்கும் பொதுவானவை என்னென்ன? உங்கள் ரவுட்டர், உங்கள் லைன், அந்தப் பக்கம் சர்வர். இந்த மூன்றில்தான் தேட வேண்டும். அவுட்லுக்கின் செட்டிங்கில் கை வைக்க வேண்டாம்.

ஒரே ஒரு சோதனை. இப்போது மெயில் நின்றிருக்கிறது இல்லையா? ஒரு லேப்டாப்பை ஆபீஸ் வைஃபையிலிருந்து கழற்றி உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போடுங்கள். வேறு எதையும் மாற்றாமல் சென்ட் ரிசீவ் அழுத்துங்கள். என்ன ஆகிறது?

---

யாழ்வாசி | திங்கள், மதியம் 12:24

எனக்கு நடந்ததையும் சொல்லி வைக்கிறேன், யாருக்காவது உதவும். 2022-இல் இங்கே இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கணினி, கரண்ட் வந்து போட்டால் மின்னஞ்சல் மட்டும் எடுக்காது. சர்வரின் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒரு செய்தி வரும். இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தோம். கடைசியில் பார்த்தால் திகதி 2010 தை முதலாம் நாள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பற்றரி செத்துவிட்டது, சிஆர்2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். கணினிக்கு 2010 என்றால் 2022-இல் கொடுத்த சான்றிதழ் எதிர்காலத்துச் சாமான்தானே, அது எப்படி நம்பும்?

ஆனால் உங்களுக்கு இது இல்லை என்று நினைக்கிறேன். திகதி பிழை என்றால் பிரவுசரும் சண்டை பிடித்திருக்கும். ஆறு கணினிக்கும் ஒன்றாகப் பற்றரி சாகாது.

---

கொங்குநூல் | திங்கள், மதியம் 12:41

ஹாட்ஸ்பாட்டில் போட்ட மறு நொடி 23 மெயில் இறங்கியது! அவுட்பாக்ஸில் இருந்ததும் போய்விட்டது. திரும்ப ஆபீஸ் வைஃபையில் போட்டேன், நின்றுவிட்டது.

அப்படியானால் ரவுட்டர்தானே? இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை மதியம் ரவுட்டரை அணைத்துப் போட்டேன், உடனே மெயில் வந்தது. ஒரு மணி நேரத்தில் பழையபடி. ரவுட்டர் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. புதுசுக்கு விலை விசாரித்துவிட்டேன், முதலாளியிடம் சொல்லட்டுமா?

---

வலைவாசி | திங்கள், மதியம் 12:50

ரவுட்டரேதான். சூடாகி மக்கர் பண்ணும். இல்லையென்றால் இணைய சேவைக்காரர்கள் போர்ட் 25-ஐ அடைத்திருப்பார்கள். பல ஊர்களில் வீட்டு இணைப்புகளில் ஸ்பேமைத் தடுக்க அடைத்துத்தான் வைக்கிறார்கள்.

---

பழையகம்பி | திங்கள், மதியம் 1:10

ரவுட்டரை இன்று வாங்க வேண்டாம். சூடாகி மக்கர் செய்கிற ரவுட்டர் மெயிலை மட்டும் தேடிப் பிடித்து நிறுத்தாது, வாட்ஸ்அப்பும் சேர்ந்தே நிற்கும்.

போர்ட் 25-உம் இல்லை. அது அடைபட்டால் அனுப்புவதுதான் நிற்கும், வருவது நிற்காது. போர்ட் என்பது வாசல் மாதிரி, மெயில் போவதும் வருவதும் வேறு வேறு வாசல். அனுப்ப 587 அல்லது 465. வாங்க, பாப் என்றால் 995, ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்ப்பது) என்றால் 993. வெப்மெயில் இந்த வாசல் எதையும் தொடாது, 443 வழியாக, மற்ற வெப்சைட்டுகள் போலவே போகும்.

எந்த வாசல் மூடியிருக்கிறது என்று தட்டிப் பார்த்துவிடலாம். விண்டோஸ் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் உங்கள் மெயில் சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள் (ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்). கடைசி வரியில் ட்ரூ என்றால் திறந்திருக்கிறது, ஃபால்ஸ் என்றால் இல்லை. 443, 465, 587, 993, 995, ஐந்தையும் பாருங்கள். மெயில் நின்றிருக்கும்போது ஒரு தடவை, நாலரைக்கு மேல் வரும்போது ஒரு தடவை.

பழைய7: தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, பழைய புரோகிராம்களில் சாதாரண பாஸ்வேர்டு போட்டு நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு, "ஆப் பாஸ்வேர்ட்" என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கி அதை அவுட்லுக்கில் போடுங்கள். அது போதவில்லை என்றால் அடுத்த முட்டுக்கட்டை விண்டோஸ் 7. அதில் அவுட்லுக் 2010 பழைய பூட்டுச் சாவியோடுதான் பேசத் தொடங்கும். பல சர்வர்கள் இன்று டிஎல்எஸ் என்ற பூட்டு முறையின் 1.2 பதிப்புக்குக் கீழே பேசுவதில்லை. நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது, அவுட்லுக் 2010-க்கு அதே வருஷம் அக்டோபரில். தண்டர்பேர்ட் 115-தான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. கொஞ்ச நாள் அதில் ஓட்டலாம்.

---

வலைவாசி | திங்கள், மதியம் 1:22

465 செத்துப்போன போர்ட் ஆச்சே? 587-தான் சரி என்று படித்திருக்கிறேன்.

---

பழையகம்பி | திங்கள், மதியம் 1:35

செத்துப் பிழைத்தது. தொண்ணூறுகளில் 465-ஐக் கொடுத்தார்கள், பிறகு பிடுங்கிக்கொண்டு 587 என்றார்கள். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறிமுறை ஆவணம் மறுபடி 465-ஐயே பரிந்துரைக்கிறது. 587-இல் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கி நடுவில் பூட்டிக்கொள்ளும், 465-இல் முதல் சொல்லே பூட்டோடுதான். இரண்டும் ஓடும். ஆனால் போர்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு முறையை மாற்றாமல் விட்டால் ஓடாது. பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

---

கொங்குநூல் | திங்கள், மாலை 4:52

சொன்னபடி பார்த்தேன்.

மதியம் 2 மணி, ஆபீஸ் லைன்: 443 ட்ரூ. மற்ற நான்கும் ஃபால்ஸ்.
அதே நேரம், ஹாட்ஸ்பாட்: ஐந்தும் ட்ரூ.
மாலை 4:35, ஆபீஸ் லைன்: ஐந்தும் ட்ரூ, மெயிலும் வந்துவிட்டது.

இணைய சேவைக்காரர்களுக்கும் போன் போட்டேன். எந்தப் போர்ட்டையும் அடைக்கவில்லை என்கிறார்கள். லைன்மேன் நேரில் வந்து ஒரு டீ குடித்துவிட்டு அதையே சொன்னார்.

---

இரவுப்பணி | திங்கள், இரவு 11:50

நான் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த இழையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, வாரத்துக்கு நான்கு தடவையாவது இதே டிக்கெட் பார்க்கிறேன்.

உங்களை அடைத்திருப்பது உங்கள் மெயில் சர்வர்தான். பெரும்பாலான சர்வர்களில் ஃபெயில்2பேன் மாதிரி ஒரு காவலாளி ஓடும். யார் எப்போது நுழையப் பார்த்தார்கள் என்று பதிவாகும் லாக் ஃபைலை அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பின் அடையாள எண்) தவறான பாஸ்வேர்டு இத்தனை நேரத்துக்குள் இத்தனை தடவை வந்தால், அந்த ஐபிக்கு மெயில் வாசல்களை மூடிவிடும். ஃபெயில்2பேனின் இயல்பான கணக்கு 10 நிமிடத்தில் 5 தவறு, தண்டனை 10 நிமிடம். ஹோஸ்டிங்காரர்கள் அவரவர் இஷ்டத்துக்கு இதைக் கூட்டி வைத்திருப்பார்கள். 443 இந்தப் பட்டியலில் இல்லையென்றால் வெப்மெயில் பாட்டுக்குத் திறக்கும்.

உங்கள் ஆபீஸில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐபிதான். ஒருவர் செய்யும் தப்புக்கு ஆபீஸுக்கே தடை. மற்ற ஐந்து பேர் சரியான பாஸ்வேர்டோடு போய்வந்தாலும் அந்தக் கணக்கு குறையாது. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் வந்ததே, அது ரவுட்டர் ஆறியதால் இல்லை. புது ஐபி கிடைத்திருக்கும், காவலாளிக்குப் புது முகம். ஒரு மணி நேரத்தில் அந்த முகத்தையும் தெரிந்துகொண்டது.

இப்போது உங்கள் நேரக் கணக்கைப் பாருங்கள். 9:15-க்குத் திறக்கிறீர்கள், பத்தரைக்கு நிற்கிறது. நாலரைக்கு விடுகிறது, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் மறுபடி. தடை ஆறு மணி நேரம் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு கருவி, கால் மணிக்கு ஒரு தடவை, பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மனிதக் கை இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

இரண்டு கேள்வி:
போன செவ்வாய் அல்லது புதன் ஏதாவது பாஸ்வேர்டு மாற்றினீர்களா?
ரவுட்டர் பக்கத்தில் காட்டும் ஐபியும், "என் ஐபி என்ன" என்று தேடினால் வருவதும் ஒன்றா? ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் வேறு பலரோடு ஒரே ஐபியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். அப்போது தப்பு செய்வது பக்கத்துத் தெரு ஆளாகக்கூட இருக்கலாம், அது பெரிய தலைவலி.

---

கொங்குநூல் | செவ்வாய், காலை 9:40

அண்ணா, உங்களுக்கு ஆபீஸுக்குள் கேமரா இருக்கிறதா என்ன!

போன செவ்வாய் சாயங்காலம்தான் இன்ஃபோ என்று தொடங்கும் மெயில் ஐடியின் பாஸ்வேர்டை மாற்றினோம். ஒரு பையன் வேலையை விட்டுப் போனான், அதனால். ஆறு கம்ப்யூட்டரிலும் புதுசு போட்டுவிட்டேன், முதலாளி போனிலும் போட்டேன். ஐபி இரண்டும் ஒன்றுதான்.

ஹோஸ்டிங்குக்கு என்ன கேட்டு எழுத வேண்டும்?

---

இரவுப்பணி | செவ்வாய், காலை 9:52

தூங்கப் போகும் முன் எழுதுகிறேன். "மெயில் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் முன்பு வந்த அதே இரண்டு வரி பதில்தான் வரும், ஏனென்றால் சர்வர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: எங்கள் வெளி ஐபி இது. நேற்று காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை 465, 587, 993, 995 மூடியிருந்தது, 443 திறந்திருந்தது. இந்த ஐபி தடைப் பட்டியலில் ஏறியதா, எந்த மெயில் ஐடிக்குத் தவறான லாகின் வந்தது, எந்தெந்த நேரத்தில்?

தடையை எடுத்துவிடச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். எடுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் மறுபடி ஏறும். அப்புறம், யாரும் பாஸ்வேர்டைச் சும்மா அடித்துப் பார்க்காதீர்கள். அதுவும் கணக்கில் சேரும்.

---

ஆடிட்டர்மகள் | செவ்வாய், காலை 10:15

பிரிண்டரையும் பாருங்கள் அண்ணா. ஸ்கேன் செய்து நேராக மெயிலுக்கு அனுப்புகிற பெரிய மெஷின் இருந்தால் அதற்குள்ளும் ஒரு பாஸ்வேர்டு இருக்கும். எங்கள் ஆபீஸில் அதை எல்லோரும் மறந்துவிடுவோம்.

---

பழையகம்பி | செவ்வாய், காலை 10:28

ஸ்கேன் செய்தால்தான் பிரிண்டர் கதவைத் தட்டும். கால் மணிக்கு ஒரு தடவை என்றால் போன் அல்லது டேப்லெட். வேலையை விட்டுப் போன பையன் வெளியே இருந்து தட்டினால் அவன் ஐபிதான் மாட்டும், உங்களுடையது மாட்டாது. கட்டடத்துக்குள், உங்கள் வைஃபையில் இருக்கும் ஒன்றுதான். ரவுட்டர் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். எண்ணுங்கள்.

இரவுப்பணிக்கு ஒரு சலாம். ரவுட்டர் இல்லை என்றதோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. மீதியைக் கட்டி முடித்தது நீங்கள்தான்.

---

கொங்குநூல் | செவ்வாய், மதியம் 3:30

ஹோஸ்டிங் பதில் வந்துவிட்டது. இந்தத் தடவை இரண்டு வரி இல்லை.

திங்கள்கிழமை எங்கள் ஐபியிலிருந்து இன்ஃபோ ஐடிக்குத் தவறான பாஸ்வேர்டு: 9:20, 9:35, 9:50, 10:05, 10:20. இரண்டு மணி நேரத்துக்குள் 5 தவறு என்பதால் 10:20-க்கு ஆறு மணி நேரத் தடை. மாலை 4:20-க்குத் தடை நீங்கியது. பிறகு 4:30, 4:45, 5:00, 5:15, 5:30. மறுபடி தடை. புதன்கிழமையிலிருந்து தினமும் இதே கதை. இரவுப்பணி அண்ணன் போட்ட கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ராத்திரி வாட்ச்மேன் எட்டரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார், ரவுட்டரும் அணைந்துவிடும். காலையில் எல்லாம் சுத்தமாகத் தொடங்குவது அதனால்தான் போல.

ரவுட்டர் பட்டியலில் 14 கருவி. நான் எண்ணியதில் 11-தான் வருகிறது. இரண்டு, கேமரா பெட்டியும் முதலாளி மகனின் டேப்லெட்டும் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று மட்டும் வெறும் ஆண்ட்ராய்டு என்று இருக்கிறது, கூடவே ஒரு நீள எண். ஒவ்வொருவரிடமும் போய்ப் போனைக் காட்டச் சொன்னேன், யாருடையதும் இல்லை.

---

இரவுப்பணி | செவ்வாய், மாலை 5:05

அந்த ஒன்றை மட்டும் ரவுட்டரில் பிளாக் செய்யுங்கள். யாருடையது என்று நீங்கள் தேட வேண்டாம், அவர்களே வருவார்கள்.

---

கொங்குநூல் | புதன், காலை 10:50

வந்தார்கள்!

இன்று 9:30-க்கு பிளாக் செய்தேன். இரண்டாவது நிமிடம் கீழே செக்கிங்கிலிருந்து ஒரு அக்கா படியேறி வந்தார். "தம்பி, நெட்டு வரலையா? பாட்டு நின்னுபோச்சு."

முதலாளியின் பழைய போன். இரண்டு வருஷம் முன்பு அவர் புதுசு வாங்கியதும், சாம்பிள் படம் எடுத்து அனுப்ப இருக்கட்டும் என்று கீழே கொடுத்துவிட்டார். சிம் கிடையாது. செக்கிங் மேஜைக்கடியில், சார்ஜரோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. நாள் முழுக்கப் பாட்டு. அதற்குள் இன்ஃபோ ஐடி அப்படியே இருக்கிறது, பழைய பாஸ்வேர்டோடு, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார் என்ற செட்டிங்கோடு. மேலே "உள்நுழைய முடியவில்லை" என்று ஒரு வாரமாக நோட்டிஃபிகேஷன் கத்திக்கொண்டிருக்கிறது. கேட்டால், "அது ஏதோ இங்கிலீஷ்ல வரும் தம்பி, நாங்க தள்ளிவிட்டுட்டுப் பாட்டு மாத்துவோம்" என்கிறார்கள்.

மெயில் ஐடியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன், பிளாக்கையும் நீக்கிவிட்டேன். பாட்டு மறுபடி ஓடுகிறது.

மணி இப்போது 10:50. மெயில் வந்துகொண்டிருக்கிறது. பத்தரையைத் தாண்டி வந்த முதல் மெயில் ஜெர்மனி பையருடையது: ஒரு வாரமாக ஏன் பதில் இல்லை என்று மூன்று பத்தி.

---

யாழ்வாசி | புதன், காலை 11:06

பாட்டு நின்றதால் பிடிபட்ட கள்ளன்! மிக்க மகிழ்ச்சி.

---

பழைய7 | புதன், காலை 11:30

எனக்கும் சரியாகிவிட்டது சார். இரண்டு அடுக்கு போட்டு 16 எழுத்து வாங்கிப் போட்டேன், தண்டர்பேர்டில் வந்துவிட்டது. நாலு நாலு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டியது, நான் சேர்த்து அடித்தேன். அவுட்லுக் 2010-ஐ விட மனசு வரவில்லை, ஆனால் அது கேட்கவில்லை. வீட்டம்மாவுக்கு அவுட்லுக் டாட் காம் ஐடி இருக்கிறது, அதற்கும் இப்படியே வாங்கலாமா?

---

பழையகம்பி | புதன், காலை 11:44

அதற்கு இந்த வழி கிடையாது. அவுட்லுக் டாட் காம் 2024 செப்டம்பர் 16 முதல் பாஸ்வேர்டை மட்டும் காட்டி நுழைகிற முறையையே விட்டுவிட்டது. தண்டர்பேர்டில் சரிபார்ப்பு முறையை ஓஆத்2 என்று மாற்றுங்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த லாகின் ஜன்னல் திறக்கும், அதில் உள்ளே போனால் போதும்.

---

கொங்குநூல் | வியாழன், காலை 10:05

நேற்று ராத்திரி எட்டரை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மெர்ச்சண்டைசருடைய பிஎஸ்டி நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது பழையகம்பி ஐயா, திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. இப்போது வேறு ஒரு கூத்து. அக்கவுண்டைப் புதிதாகப் போட்டதால் சர்வரில் இருந்த 4,000 மெயிலும் மறுபடி இறங்கியிருக்கிறது. அவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இதை எப்படி எடுப்பது?

---

பழையகம்பி | வியாழன், காலை 10:20

பாப்பில் எது இறங்கியது எது இறங்கவில்லை என்ற கணக்கை அக்கவுண்டோடு சேர்த்து அழித்துவிட்டீர்கள், அதனால் அது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. பழைய பிஎஸ்டியில் கை வைக்காதீர்கள். புதிதாக உருவான ஃபைலில், தகராறு தொடங்கிய அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய தேதி உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். அதற்கு முன் இரண்டு ஃபைலையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கை மூடிவிட்டு எடுக்க வேண்டும், திறந்திருந்தால் காப்பி ஆகாது.

அவர் பேசத் தொடங்கிவிட்டாரா?

---

கொங்குநூல் | வியாழன், காலை 10:34

"காப்பி எடுத்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.